ஈரத் தரையில் ஒரு கைத்தடம்

"தரையில ஒரு துளி அழுக்கு இல்ல. அப்புறம் எப்படிப் புண்ணுல சீழ் வைக்குது?"

பெர்பெத்துவா நப்போசா இதைக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் எழுத்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உயிரியலில் நல்ல மதிப்பெண் வேறு. அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். கடைசியில் பதிலை அவரேதான் கண்டுபிடித்தார்.

கியாமுலே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைப் பதினான்கு வருடமாகத் துடைப்பவர் நப்போசா. வாளியை இடது கையில்தான் தூக்குவார். துடைத்த இடத்தில் யாராவது நடந்தால் அந்த ஆளின் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார். நடந்தவரே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார்.

அந்த வருடம், ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியும் வேல்ஸ் நாட்டில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியும் கூட்டாக வேலை செய்துவந்தன. அங்கிருந்து எலெரி என்ற நர்ஸ் ஆறு மாதம் தங்க வந்தார். கை கழுவத் தொட்டி வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, ஒவ்வொரு கட்டிலிலும் கையில் தேய்த்துக்கொள்ளும் மருந்துப் புட்டி தொங்கியது. நர்சுகளும் டாக்டரும் எப்போதெல்லாம் கையைச் சுத்தம் செய்கிறார்கள் என்று எலெரி ஒரு தாளில் குறித்துக்கொண்டே வருவார். மூன்று மாதம் போயிற்று. தாளில் குறிகள் கூடின, சீழ் குறையவில்லை. அந்த மாதமும் அறுபது பேரில் பதினொரு பேருக்கு.

ஆகவே பழி தரையின் மேல் விழுந்தது. வார்டுப் பொறுப்பாளர் நந்துமே நப்போசாவைக் கூப்பிட்டார்.

"கைய எல்லாரும் கழுவுறாங்க நப்போசா. மிச்சம் இருக்கிறது உங்க தரைதான்."

"தரையில படுக்கப் போட்டா ஆபரேஷன் பண்றாங்க அம்மா?"

"வாய் மட்டும் பளபளன்னு இருக்கு. அடுத்த மாசமும் குறையலன்னா வேற ஆளப் போடச் சொல்லி மேலிருந்து உத்தரவு. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நப்போசா அதற்குப் பிறகு தரையைத் தினமும் இரண்டு தடவை துடைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் செந்தோங்கோ வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். தரை காயவில்லை. அவர் ஒவ்வொரு கட்டிலாக வரவர, துணைக்கு இருந்த மாமியார்களும் நாத்தனார்களும் மண்டியிட்டு வணங்கினார்கள். எங்கள் ஊரில் மரியாதை தெரிந்த பெண் நின்றபடி வணங்க மாட்டாள். எலெரியே வந்த இரண்டாம் வாரத்தில் மண்டியிடக் கற்றுக்கொண்டுவிட்டார். வார்டுக் கிழவிகளுக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம்.

"வெள்ளைக்கார மருமகளே, முட்டி நோகுதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

டாக்டர் போனதும் நப்போசா ஈரத்தை மறுபடி துடைக்கத் திரும்பினார். துடைக்கும் துணியைத் தரையில் வைக்காமல் அப்படியே நின்றார். ஒவ்வொரு கட்டிலருகிலும் தரையில் இரண்டு வட்டம், முட்டிகளின் தடம். அதற்கு வலப்பக்கம் ஐந்து விரலோடு ஓர் உள்ளங்கை. எழுந்திருக்கும்போது ஊன்றிய கை.

நிமிர்ந்து பார்த்தார். மூன்றாம் கட்டில் மாமியார் அதே கையால் மருமகளின் துணியை விலக்கி, தையல் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்த தரைதான். ஆனால் கக்கூசுக்குப் போன செருப்பெல்லாம் அதன் மேல்தான் நடந்து வருகிறது.

இரண்டு நாள் அவர் துடைத்துக்கொண்டே யோசித்தார். சொன்னால், மண்டியிடுவதையே குறை சொல்கிறாள் என்று ஊர் வாயில் விழ வேண்டும். சொல்லாவிட்டால் வேலை போய்விடும். வியாழக்கிழமை நான்காம் கட்டிலருகே தண்ணீரைத் தெளித்துவிட்டு எலெரியையும் நந்துமேயையும் கூப்பிட்டார்.

"இந்த நர்சம்மாவ இங்க மண்டி போடச் சொல்லுங்க."

"யாருக்கு?" என்றார் நந்துமே.

"எனக்குத்தான்."

"தரை துடைக்கிறவளுக்கு நர்ஸ் மண்டி போடணுமா? பதவி எப்ப வந்துச்சு?"

நந்துமே மொழிபெயர்த்து முடிப்பதற்குள் எலெரி மண்டியிட்டுவிட்டார். வணங்கினார், தரையில் கை ஊன்றி எழுந்தார், பழக்கத்தில் அதே கையால் கட்டில் கம்பியைப் பிடித்தார். நப்போசா தரையைக் காட்டினார். எலெரி தன் கைத்தடத்தைப் பார்த்தார், பிறகு கம்பியைப் பார்த்தார். தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். அதில் மண்டியிடுவது இல்லை. துணைக்கு வந்தவர்களும் இல்லை.

மண்டியிடுவதை நிறுத்திவிடலாம் என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார். கிழவிகள் கொதித்துவிட்டார்கள்.

"மரம் மாதிரி நின்னு கும்பிடவா எங்கம்மா எங்கள வளர்த்தாங்க?"

அதற்கும் நப்போசாதான் வழி சொன்னார்.

"அவங்க மண்டி போடட்டும் டாக்டரய்யா. எழுந்ததும் நீங்களே அவங்க கையில மருந்த ஊத்துங்க. கும்பிட்டதுக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்கணும்ல?"

டாக்டர் ஒத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து புட்டியோடு வந்தார். மண்டியிட்டு எழுந்தவர்கள் கையை நீட்டினார்கள்; "கியேபாலே" என்று, செய்கிற வேலைக்கு நன்றி சொல்லும் எங்கள் ஊர் வார்த்தையைச் சொல்லியபடி டாக்டர் ஊற்றினார். ஒரு வாரத்தில், ஊற்றாமல் போனால் கிழவிகள் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு அது மரியாதையாகிவிட்டது.

அந்த மாதம் பதினொன்று நான்காயிற்று. அது முழுக்கக் கைத்தடத்தால்தான் என்று சொல்ல முடியாது, தண்ணீரும் தொட்டியும் சேர்ந்துதான் என்றார் எலெரி. உத்தரவை மேலிடம் திரும்பப் பெற்றது. நப்போசாவிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

தன் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு எலெரி ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் ஆஸ்பத்திரியில் யாரும் மண்டியிட்டு வணங்குவதில்லை. ஆனால் கட்டிலுக்கடியில் தொங்கும் சிறுநீர்ப் பையைக் காலி செய்யக் குந்தும் நர்சுகள், எழும்போது தரையில் கை ஊன்றுகிறார்களாம். இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை. இப்போது தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம்.

நந்துமே அதைப் படித்துக் காட்டியபோது நப்போசா துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அவங்க தரைய யாரு துடைக்கிறாங்கன்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார்.

எழுதவில்லை.

ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள். அங்கே தரை துடைப்பவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.