பெரியப்பா போட்ட ‘அ’

நேற்று பக்கத்து வீட்டில் நான்கு வயதுக் குழந்தையின் இடது கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி, வலது கையில் திணித்தார்கள். அது வீறிட்டு அழுததும் எனக்குச் செஞ்சியில் இருந்த எங்கள் பெரியப்பா நினைவுக்கு வந்தார்.

சுதந்திரத்துக்கு ஓரிரு வருடம் முன்பு. மூன்றாம் வகுப்பு வரை படித்துவிட்டு, செஞ்சிக் கோட்டையைக் கட்டியதே தாம்தான் என்பதுபோல நடப்பார் அவர். பள்ளியில் சேர்க்குமுன் எனக்கு எழுதப் பழக்குகிறேன் என்று வந்தவர், முதல் வேலையாக என் இடது கையைத் தம் துண்டால் இடுப்போடு கட்டினார்.

“பீச்சாங்கையால எழுதுனா வெளங்குமா?” என்று வலது கையில் பலப்பத்தைச் செருகி, விரல் முட்டியில் அடித்தார். சிலேட்டு கீச்சிட்டதே தவிர எழுத்து வரவில்லை.

அம்மா விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கணவனின் அண்ணனிடம் அவள் நிமிர்ந்து பேசியதே இல்லை. அன்று எழுந்து வந்து துண்டை அவிழ்த்தாள்.

“அந்தக் கையாலதான் தோலு கிழியாம மல்லாட்ட உரிக்குது கொழந்த. அதப் போயி கட்டிட்டீங்களே!”

நான் இடது கையால் பெரிதாக ஒரு ‘அ’ போட்டேன்.

“இதெல்லாம் ஒரு எழுத்தா?” என்றார் பெரியப்பா.

அம்மா சிலேட்டை அவரிடம் நீட்டினாள். “நீங்க பீச்சாங்கையால ஒண்ணு போட்டுக் காட்டுங்க.”

படித்த வீறாப்பில் வாங்கிக்கொண்டார். வெகுநேரம் முக்கினார். செத்த மண்புழு மாதிரி ஏதோ வந்தது.

“சிலேட்டு சரியில்ல” என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

அதன்பின் எனக்குச் சொல்லித்தர அவர் வரவேயில்லை. என் படிப்புக்கு அவர் செய்த ஒரே உதவி அதுதான்.