ரோட்டுப் பக்கத்துப் பேரிங்

எங்கள் கிரஷருக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் மரியாதை. மற்ற நாளெல்லாம் எல்லாரும் அதைத் திட்டுவோம். "சனியன், இன்னிக்கும் வாய்ல கல்ல வச்சிக்கிட்டு நிக்குது பாரு" என்று ஆப்பரேட்டர் ஆரம்பிப்பார். நான் இன்னும் கொஞ்சம் மோசமாகத் திட்டுவேன்; அதையெல்லாம் அச்சில் போட முடியாது. ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் அதே சனியனுக்குக் குளியல், மாலை, வாழைக்கன்று, சந்தனம், சுண்டல், பொரி.

சேத்தியாத்தோப்பு தாண்டி வடலூர் போகிற வழியில் இருக்கிறது அந்தக் கிரஷர். ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் சவுக்குத் தோப்பு. விழுப்புரம் பக்கத்திலிருந்து டிப்பரில் பாறை வந்து இறங்கும். இரண்டு கனத்த இரும்புத் தாடைகளுக்கு நடுவே விழுந்து நொறுங்கி, சல்லடையில் சலித்து, ஜல்லியாகச் சிதம்பரம் பக்கம் ரோடு போடக் கிளம்பிவிடும். தாடையை ஆட்டுகிற தண்டை இரண்டு முனையிலும் பேரிங் தாங்குகிறது. ரோட்டுப் பக்கம் ஒன்று, தோப்புப் பக்கம் ஒன்று. கதை முழுக்க இந்த இரண்டு பேர்தான், மற்ற பாகங்களை மறந்துவிடலாம்.

நான் அங்கே மெயின்டனன்ஸ். கடலூரில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்துவிட்டு, சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறேன். வேலை கேட்டுப் போன அன்றைக்கு முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடை மேடை ரூம்ல ஃபேன் இருக்கும்மா. அங்க உக்காந்து லாரிக்குச் சீட்டு போடறியா?" என்றார். எனக்கு ஃபேன் வேண்டாம், ஸ்பானர் வேண்டும் என்றேன். கொடுத்தார். ஆனால் அந்த ஃபேனை அவர் மறக்கவே இல்லை. நட்டு ஒன்று லூசானால்கூட அவர் கண் எடை மேடைப் பக்கம் போய்விட்டுத்தான் என் பக்கம் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனுஷன் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம்தான், பெயின்ட். ஆயுத பூஜை வந்தால் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரஷ்ஷோடு வந்து நிற்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். "என் புள்ளைக்கு நான்தான் சட்டை போட்டு வுடுவேன்" என்பார். போன வருஷம் அவர் வீட்டு கேட்டுக்கு அடித்ததில் கிளிப்பச்சை மிச்சமாகிவிட்டது. அதை அப்படியே கொண்டுவந்து, ஒரு கோட், அதற்கு மேல் ஒரு கோட், மனசு ஆறாமல் இன்னொரு கோட் என்று அடித்துத் தீர்த்தார். எல்லாம் ரோட்டுப் பக்கம் மட்டும்.

"தோப்புப் பக்கம் அடிக்கலயா மொதலாளி?" என்று கேட்டேன்.

"அங்க யாரும்மா பாக்கறா? நரிதான் பாக்கும். பஸ்ல போறவன் பாக்கணும், அதான் முக்கியம்."

காய்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. கையில் பிடிக்கிற கிரீஸ் கன் முதற்கொண்டு எல்லாச் சாமானும் சந்தனம் பூசிக்கொண்டு வாழை இலையில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் வீடு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீடு. சுண்டலுக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது என்று நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் கற்பூரம் காட்டி, தாடைக்குள் பூசணிக்காயைப் போட்டு மிஷினை ஓட்டினோம். ஜம்மென்று ஓடியது. இரண்டு நாள் கழித்து, காலையில் வழக்கம்போல் ரோட்டுப் பக்கத்துப் பேரிங் பெட்டியில் கை வைத்தேன். "ஆத்தாடி!" என்று கத்திக்கொண்டு கையை உதறினேன். அதன் மேல் வைத்த மஞ்சள் சந்தனப் பொட்டு முறுகலாகப் பழுப்பேறியிருந்தது. உடனே மிஷினை நிறுத்தச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பேரிங் தண்டோடு ஒட்டிக்கொண்டு, தண்டும் போய், மழைக்காலம் முடிகிற வரைக்கும் நாங்கள் சவுக்குத் தோப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலாளி வந்தார். டிப்பர்கள் பாறையோடு ரோடு வரைக்கும் வரிசையாக நின்றன.

"என்னாம்மா இது, பூஜை போட்டு மூணு நாள் ஆவல, படுத்துக்கிச்சி?"

"பாக்கறேன் மொதலாளி."

"சாயங்காலத்துக்குள்ள பாரு. இல்லன்னா திண்டிவனத்துலேருந்து மெக்கானிக்க வரச் சொல்லிடறேன். இனிமே அவரே இருக்கட்டும். நீ அந்த ஃபேன் ரூம்ல உக்காந்துக்க. தப்பா சொல்லலம்மா, உன் நல்லதுக்குத்தான்."

இந்த 'உன் நல்லதுக்குத்தான்' என்பதைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்த நிமிஷத்தில் பேரிங்கைவிட நான்தான் சூடு ஜாஸ்தி. ஆனால் பயமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அந்த ரூமுக்குள் ஒரு தடவை போனால் திரும்பி வெளியே வர முடியாது. சீட்டு எழுதியே கை தேய்ந்துவிடும்.

பெல்ட் இறுக்கம் ஜாஸ்தியோ என்று தளர்த்தினேன். கல் போடாமல் சும்மா ஓட்டிப் பார்த்தேன். தோப்புப் பக்கம் சமத்தாக இருந்தது. ரோட்டுப் பக்கம் மறுபடியும் ஏறியது. நிறுத்திவிட்டு ஆப்பரேட்டரைக் கூப்பிட்டேன். அண்ணாகிராமத்துக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அது அவர் வைக்கிற மரியாதை.

"கிரீஸ் அடிச்சீங்களாண்ணே?"

"காலையில மொத வேலயே அதான் யக்கா. ரோட்டுப் பக்கம் கன்ன அமுத்துனா உள்ள போவல, சைடுல பிதுங்கிச்சி. வயிறு நெறஞ்சிடுச்சின்னு வுட்டுட்டேன்."

கிரீஸ் அளவுக்கு மீறினாலும் பேரிங் சூடாகும். அட, இதுதானா என்று எனக்கு உயிர் வந்தது. அதிகப்படியானதை வடித்துவிட்டால் தீர்ந்தது.

அதற்குள் முதலாளி பண்ருட்டியில் இருக்கிற தன் மச்சானுக்கு போன் போட்டுவிட்டார். எந்தச் சிக்கலுக்கும் அந்த மச்சான்தான் கோர்ட்டு. ஸ்பீக்கரில் அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"மாமா, நான் அன்னிக்கே நெனச்சேன். அந்த மாதிரி பளபளன்னு பெயின்ட் அடிச்சி ரோட்டோரமா நிறுத்துனா? போறவன் வர்றவன் கண்ணு பூரா அதுமேலதான். கண்ணு பட்டுடுச்சி மாமா, வேற ஒண்ணும் இல்ல."

"அதான் மச்சான், சந்தனம்கூடக் கருகிப்போச்சி" என்றார் முதலாளி. பிறகு என்னிடம் திரும்பி, "எதுக்கும் உங்க சாமிக்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைம்மா" என்றார்.

"எங்க சாமிக்குப் பேரிங் பத்தித் தெரியாது மொதலாளி" என்று சொல்லிவிட்டு, பெட்டி ஆறியதும் அடியில் இருந்த பிளக்கைக் கழற்றினேன். நெறஞ்ச வயிறு என்றால் கிரீஸ் கொழகொழவென்று இறங்க வேண்டும். நானும் கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கருப்பாக, காய்ந்துபோன துணுக்கு இரண்டு உதிர்ந்தது. அவ்வளவுதான். வயிறு நிறையவில்லை, பட்டினி.

அப்படியென்றால் காலையில் அடித்த கிரீஸ் எங்கே போனது? கன்னைத் தூக்கிக்கொண்டு தோப்புப் பக்கம் போனேன். அங்கே துருப்பிடித்த பெட்டியின் தலையில் நிப்பிள் அழகாக நீட்டிக்கொண்டு நின்றது. கிரீஸ் உள்ளே போகிற சின்ன இரும்பு மூக்கு அது. கன்னை மாட்டி அமுக்கினேன், மறுபேச்சில்லாமல் உள்ளே போனது. திரும்ப ரோட்டுப் பக்கம் வந்தேன். நிப்பிள் இருக்க வேண்டிய இடத்தில் கிளிப்பச்சையாக ஒரு கொப்புளம். அதன் நுனியில் ஓட்டையே இல்லை. அந்தக் கொப்புளத்தைக் காலையிலிருந்து எத்தனை தடவை தடவிவிட்டுப் போயிருக்கிறேன்!

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினேன். ஒரு கோட் உரிந்தது. அதற்குக் கீழே ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று. நிப்பிளின் வாயில் உட்கார்ந்திருக்கிற குட்டி உருண்டை, பெயின்ட்டில் இறுகி அசையாமல் கிடந்தது. ஐயோ, சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. சிரித்துவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

"என்னாம்மா சிரிக்கற?" என்று போனைக் கையில் பிடித்தபடியே முதலாளி வந்தார். ஆப்பரேட்டர், டிப்பர் டிரைவர்கள் எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள்.

பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது. உரிந்த பச்சைச் சில்லை உள்ளங்கையில் வைத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"உங்க புள்ளைக்குச் சட்டை போட்டீங்கல்ல மொதலாளி, வாயயும் சேத்துத் தச்சிட்டீங்க. மூணு நாளா சோறு எறங்கல."

ஒரு டிரைவர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி அந்தச் சில்லைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். நகக்கண்ணில் அதே பச்சை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. போச்சு, ஃபேனுக்குக் கீழேதான் இனி நமக்கு வாழ்க்கை என்று நான் முடிவு பண்ணிவிட்டேன்.

போனில் மச்சான் விடவில்லை. "மாமா, என்னா மாமா, கண்ணுதான? யாரு கண்ணுன்னு தெரிஞ்சிதா?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "தெரிஞ்சிது மச்சான். என் கண்ணுதான். போன வை."

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், காது சிவக்க. நான் நிப்பிளை மாற்றி, கிரீஸை ஏற்றினேன். பழைய கருப்பு அடியில் பிதுங்கி வெளியே வந்து, புதுசு தலைகாட்டுகிற வரைக்கும் ஏற்றினேன். ஓட்டிப் பார்த்து, கல் போட்டு, வெயில் சாய்கிற நேரத்தில் பெட்டியில் கை வைத்தேன். தாங்கியது. கையை எடுக்க மனசே வரவில்லை. முதலாளி என் பக்கத்தில் வந்து தானும் கையை வைத்தார். திண்டிவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அதெல்லாம் அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. நிப்பிளுக்கெல்லாம் முதல் நாளே ரப்பர் மூடி போட்டு வைத்திருந்தேன். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டப்பாவும் பிரஷ்ஷுமாக முதலாளி வந்தார். நேராக மிஷினிடம் போகாமல், நான் நின்ற இடத்துக்கு வந்தார். பிரஷ்ஷிலிருந்து அவர் கால்மேல் நீலம் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா அடிக்கலாம்?" என்று கேட்டார்.

"மொதல்ல தோப்புப் பக்கம்" என்றேன். போனார்.