இழுத்தால் ஏறும்

என் மனைவியின் அண்ணன் மேல் எனக்குப் பொறாமை. இதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் கேமை அந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவன் நான். பர்மா பஜாரில் வெயிலில் அலைந்து சி.டி. வாங்கியவனும் நான். பேர் மட்டும் அவனுக்கு.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நாங்கள் இருவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரே இரும்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் ஸ்டோரில், மச்சான் கிரேன் ஆபரேட்டர். கம்ப்யூட்டர் ஆரம்பாக்கத்தில் அவன் வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீஞ்சூரிலிருந்து நானும் மனைவியும் ரயிலேறிப் போய்விடுவோம்.

எனக்குப் பிடித்தது டர்போபிராப் விமானம். உள்ளே ஜெட் மாதிரி இன்ஜின், வெளியே விசிறி. அதற்கு மூன்று லிவர்: ஒன்று பவருக்கு, ஒன்று விசிறியின் வேகத்துக்கு, ஒன்று எரிபொருளுக்கு. இன்ஜின் நன்றாகச் சுற்றும் முன்பே அவசரப்பட்டு எரிபொருளைத் திறந்தால் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் பாயும். பவரைக் கூட்டினாலும் உடனே வராது, ஒரு மூச்சு விட்டுத்தான் வரும். இதையெல்லாம் கீபோர்டில் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டு மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டிக் கேட்டவன் கொஞ்ச நாளில் ஒரு பெட்டியைச் செய்து மேசைமேல் வைத்துவிட்டான்.

தகரப் பெட்டி. பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றைப் பிரித்து உள்ளே மாட்டியிருந்தான். மேலே மூன்று கம்பி, ஒவ்வொன்றின் தலையிலும் உள்ளே ரோஜாப்பூ தெரியும் லாரி கியர் குமிழ். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தொழிற்சாலையின் பழைய கிரேனில் லிவரைத் தன் பக்கம் இழுத்தால் பாரம் ஏறும், தள்ளினால் இறங்கும். அந்தப் பழக்கத்தில் பெட்டியையும் அப்படியே செய்துவைத்திருந்தான். இழுத்தால் பவர் ஏறும். நிஜ விமானத்தில் தள்ளினால்தான் ஏறும், இது தலைகீழ் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நெஜ பிளேனு இங்க இன்னாத்துக்கு மாப்ள? ஏறுதா இல்லியா, அத்தப் பாரு" என்றான்.

ஏறியது. அதுதான் என் வயிற்றெரிச்சல். டன் கணக்கான இரும்பை ஆடாமல் அசையாமல் இறக்கிவைக்கும் கை அது. அவன் இறக்கினால் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாது. நான் இறக்கினால் ஷேர் ஆட்டோ ஸ்பீட் பிரேக்கரில் ஏறிக் குதித்த மாதிரி இருக்கும். மனைவி ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கண்ணன் கையே கை" என்பாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டும். அதற்காகவே, அவன் கறி வாங்கக் கடைக்குப் போகும் நேரமெல்லாம் அந்தப் பெட்டியில் திரும்பத் திரும்ப விமானத்தை இறக்கிப் பழகினேன். ஒரு ஞாயிறு விடவில்லை.

அப்போதுதான் மீஞ்சூர் பஜாரில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கடை திறந்தார்கள். திறப்பு நாளன்று வெளிநாட்டு லிவர் செட் ஒன்றை மேசையில் வைத்து, யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். திரையில் டர்போபிராப் ஒன்று ஓடுபாதையை நோக்கி வந்துகொண்டிருக்கும், பத்திரமாகத் தரை சேர்க்க வேண்டும். நாங்கள் மூவரும் போய் நின்றோம். தள்ளினால்தான் பவர் என்று கடைக்காரர் உட்காருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் எனக்குள் பட்டாசு வெடித்தது.

மச்சான் முதலில் உட்கார்ந்தான். பாதி வழி அழகாகத்தான் வந்தான். பிறகு விமானம் சற்றுத் தாழ்ந்தது, பவர் வேண்டியிருந்தது, அவன் கை பழக்கதோஷத்தில் லிவரை இழுத்தது. இன்ஜின் சத்தம் அடங்கி, ஓடுபாதைக்கு முன்னாலிருந்த வயலில் போய் விழுந்தான். கூட்டம் சிரித்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். தீபாவளிக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"பிளேன இட்டுக்கினு வயலுக்கா போவ? எந்திரி மச்சான், நான் காட்டறேன்" என்று நாற்காலியைப் பிடித்தேன்.

மனைவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். இப்போது அவள் பார்ப்பது என் கையை. தள்ளணும், தள்ளணும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓடுபாதை நேராகத் தெரிந்தது. எதிரில் வந்த கோடுகளைப் பார்த்தபடி இருந்தபோது விமானம் தாழ்ந்தது. பவர் கொடு என்று மூளை சொன்னது. கை இழுத்துவிட்டது.

அதே வயல். கூட்டம் இந்தத் தடவை இன்னும் பலமாகச் சிரித்தது. மச்சான் என் முதுகில் தட்டிக்கொடுத்தான், அது வேறு எரிந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு, ஆனால் பார்வை என் மேல் இல்லை.

"பாத்தியாண்ணா, நீ சொல்லிக் குடுத்தது இவருக்கு எப்புடிப் பதிஞ்சிக்கினு கீதுன்னு" என்றாள்.

விழுந்ததிலும் பேர் அவனுக்குத்தான்.