மாமாவின் ஹோட்டல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கனடாவில் ரொறன்ரோ நகரின் மல்வேர்னிலிருந்து அம்மாவும் நானும் இங்கிலாந்துக்குப் போனோம். அங்கே அம்மாவின் தம்பி இருந்தார். யுத்தம் ஆளுக்கொரு திசையில் துரத்திவிட்டதில், அக்காவும் தம்பியும் முகம் பார்த்து எட்டு வருடமாகியிருந்தது. மாமா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கடற்கரையில் தனக்கு ஒரு ஹோட்டல் இருப்பதாகச் சொல்வார். இரண்டு அறைக்குள் ஐந்து பேராக வாழ்ந்த எனக்கு அது போதாதா? வகுப்பு முழுவதற்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

நாங்கள் போனது பெப்ரவரியில். ஊரே மூடிக் கிடந்தது. ஐஸ்கிரீம் கடைக்குப் பலகை அடித்திருந்தார்கள். ராட்டினத்துக் குதிரைகளைத் தார்ப்பாயால் போர்த்திக் கட்டியிருந்தார்கள். கடற்கரையில் மணலைக் காணோம், வெறும் கூழாங்கற்கள். ஆனால் ஹோட்டல் பொய்யில்லை. மூன்று மாடி, இருபத்திரண்டு அறைகள், எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. ஒரு கட்டில் விடாமல் ஏறிக் குதித்தேன்.

அந்த ஹோட்டலில் சில விநோதமான சட்டங்கள் இருந்தன. பின்கதவால்தான் போய்வர வேண்டும். “அக்கா, றோட்டுப் பக்கத்து யன்னல் கேட்டினை மட்டும் விலக்காதேங்கோ” என்று மாமா நாளுக்கு நாலு தரம் சொன்னார். ஹீட்டர் ஒரே அறையில்தான். மூவரும் அதற்குள்ளேயே சுருண்டு படுத்தோம். பகலில் மாமா தானே ஏணியில் ஏறிச் சுவருக்குப் பெயின்ற் அடித்தார். முதலாளிமார் சிக்கனமானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் முன்கதவு திறந்தது. நனைந்த கோட்டோடு, நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் உள்ளே வந்தார். ஏணியில் நின்ற மாமாவின் தூரிகையிலிருந்து பெயின்ற் சொட்டிக்கொண்டிருந்தது. நான்தான் முன்னால் போனேன்.

“இது என் மாமாவின் ஹோட்டல்” என்றேன் ஆங்கிலத்தில். “குளிர்காலத்தில் பூட்டு. நீங்கள் கோடையில் வாருங்கள்.”

அவர் மாமாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சமையலறையிலிருந்து மீன்கறி வாசனை வந்தது.

“கோடை வரை பொறுக்க முடியாதே. ஒரு தேநீராவது கிடைக்குமா என்று உன் மாமாவைக் கேட்டுச் சொல்” என்றார்.

அம்மா எட்டிப் பார்த்தார். “ஆரடா தம்பி உவ?”

“எங்கடை... கஸ்ரமர், அக்கா.”

“அப்ப ஏன் மரம் மாதிரி நிக்கிறாய்? வந்து இருக்கச் சொல்லு.”

அம்மா பிட்டும் மீன்கறியும் பரிமாறினார். அந்தப் பெண் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரொறன்ரோவில் பனி எவ்வளவு உயரம் கொட்டும் என்று என்னிடம் விசாரித்தார். புறப்படும்போது படிக்கட்டின் கீழிருந்த பெட்டியைத் திறந்து எதையோ திருகினார். வீடு முழுவதும் ஹீட்டர்கள் கடகடக்கத் தொடங்கின. “பிள்ளை இருக்கிற வீடு. இவர்கள் போகும் வரை அணைக்காதே” என்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். பிறர் வீட்டுச் சாமானில் கைவைக்கும் அவருடைய துணிச்சல் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து ரொறன்ரோவுக்கு வந்தபோதுதான் மாமா எங்களிடம் உண்மையைச் சொன்னார். அவர் அங்கே குளிர்காலக் காவலாள். எங்களைத் தங்கவைக்க யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்தப் பெண்தான் ஹோட்டலின் முதலாளி. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமாவுக்கு வேலையும் போயிருக்கும், படுக்க இடமும் போயிருக்கும், அக்காவின் முன்னால் முகமும் போயிருக்கும். அவரோ தன் சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றியை நான் இன்னும் திருப்பிச் சொல்லவில்லை.

அன்று அவர் போனதும் மாமா அவருடைய கோப்பையைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“ஏன் மாமா அழுறீங்கள்?”

“மீன்கறி உறைச்சுப்போச்சு, பிள்ளை.”

நம்பினேன். மாமா அன்று இன்னும் சாப்பிடவேயில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.