தண்ணீர் குடித்ததால் வேலை போன அக்கா

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடையில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு காலனியில் நடந்தது இது. பேச்சுப் போட்டிகளில் கோப்பைகளைக் குவித்தவள் என்பதால், ஒரு தொண்டு அமைப்பு தன் சிறுநீரக நல முகாமில் பேச என்னை அழைத்திருந்தது.

காலையில் ஊருக்குள் பேசினேன், மாலையில் காலனியில். இரு இடத்துப் பெண்களும் ஒரே இரும்பு ஆலையில்தான் வேலை செய்கிறார்கள். ஆனால், நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் காலனிப் பெண்களுக்கே அதிகம் என்றார் முகாம் மருத்துவர். அலட்சியமே காரணம் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி முழங்கினேன்.

சிறுநீரகத் தொற்றால் இருமுறை மருத்துவமனையில் கிடந்த ஓர் அக்கா காலனிக் கூட்டத்தின் முன்வரிசையில் இருந்தார். "குட்சா ஒண்ணுக்கு வருமே பாப்பா, அதுக்கு எங்க போறது? அதையும் மைக்குல சொல்லிடு" என்றார். பெண்கள் சிரித்தார்கள். கூச்சத்தில் கேட்கிறார் என்றே நினைத்தேன். உயிரைவிட வெட்கம் பெரிதா என்று திருப்பிக் கேட்டேன். கைதட்டல் எழுந்தது. அவர் மட்டும் யோசனையோடு தலையாட்டினார்.

ஒரு மாதம் கழித்து, அறிக்கைக்காகத் திரும்பிப் போனேன். ஊர்ப் பெண்கள் நலமாக இருந்தார்கள். அக்கா வேலை நேரத்தில் வீட்டில் இருந்தார்.

அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. ஊர்ப் பெண்களுக்கு உள்ளே பேக்கிங் வேலை, கழிப்பறையும் அங்கேதான். காலனிப் பெண்களுக்கு வெளிமுற்றத்தில் பழைய இரும்பு பிரிக்கும் வேலை. அவர்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அதனால் காலை நாஷ்டாவோடு தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். என் பேச்சை நம்பிக் குடித்த அக்கா, மதிலுக்கு அப்பால் முள்புதருக்குப் போய்வர வேண்டியதாயிற்று. ஐந்தாம் நாள், மூன்றாவது முறை போனபோது, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி கேட் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ தப்பா ஒண்ணும் சொல்லல பாப்பா. அந்த நாலு நாளும் எரிச்சலே இல்ல. வேலதான் பூட்ச்சு. இப்ப வேற கம்பெனில கேட்டுக்கினு இருக்கேன். அங்கயும் வெளி வேலதான்."

அங்கே தண்ணீர் குடிப்பீர்களா என்று நான் கேட்கவில்லை. ஆலையில் கழிப்பறை கேட்பது எங்கள் திட்டத்தில் வராது என்றது அமைப்பு. அறிக்கையில் அக்காவின் பெயர், அறிவுரையைப் பின்பற்றியவர்கள் பட்டியலில் ஏறியது.

போன மழைக்காலத்தில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த ஆலை வாசலில் நின்று பேச இன்றுவரை என்னை யாரும் அழைக்கவில்லை. அழைக்காமலே போய் நிற்கும் துணிவு எனக்கும் வரவில்லை.