மிஷினுக்குப் பின்னால் ஒரு இடம்

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாம்பரத்தில் ஒரு மரவாடியில், மரம் அறுக்கும் மிஷினுக்குப் பின்னால் எனக்கு வேலை. முன்பக்கம் மிஷின்காரர் கட்டையைத் தள்ளுவார். அறுபட்டு வரும் பலகையை நான் வாங்கிப் புரட்டிப் பார்ப்பேன். வெடிப்போ கணுவோ இருந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தனியாக அடுக்குவேன். அவை பெட்டி அடிப்பதற்குப் போகும். நல்லவை வாடி வாசலிலேயே இருக்கும் கடைக்குப் போகும். இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதி. நேற்று செய்ததையே இன்றும் செய்யப்போகிறோம் என்று தெரிந்தால் எனக்குக் காலையில் நன்றாகப் பசிக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கோவிலம்பாக்கம் பக்கம் வீடுகள் மளமளவென்று எழும்பின. முதலாளி பாய் செல்போனும் கையுமாக வெளியே அலைய ஆரம்பித்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து நீ கடையில உக்காந்து வியாபாரத்த பாரு. பின்னாடிக்கு வேற ஆள் சொல்லிட்டேன். கடையில முடியலன்னா உனக்கு இங்க இடமில்லப்பா, பாத்துக்க."

தலையாட்டினேன். வேறு எங்கே போவது?

மறுநாள் முதல் ஆளாக ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அலமாரிக்குப் பலகை கேட்டு வந்தார். ஒன்றை எடுத்துக் காட்டினேன். காய்ந்ததில் ஓரம் புதிதாக வெடித்திருந்தது. என் கை சட்டைப்பைக்குப் போய், சாக்பீஸை எடுத்துக் குறி போட்டுவிட்டது.

"என்னங்க இது?"

"வெடிப்பு சார்."

அடுத்த பலகையைப் புரட்டினேன். அதிலும் வெடிப்பு. அதற்கும் ஒரு குறி.

வாத்தியார் சிரித்துவிட்டார். "பலகை விக்கிறீங்களா, பேப்பர் திருத்துறீங்களா? நான் ஆசாரியோட வரேன்" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பாய் பின்னாலேயே நின்றிருந்தார். "ஏம்ப்பா, வர்றவங்கள தொரத்தவா உன்ன உக்கார வச்சேன்?"

சாக்பீஸைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்போது மிஷின் நின்றது. மிஷின்காரர் மரத்தூளைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"பாய், இந்தப் புது ஆள எங்கனா இட்டுகினு போ. மிஷின் ஓட சொல்லோ காதாண்ட வந்து மாமியா கதை சொல்லிகினு கீறான். பலகைய பாக்காம என் மூஞ்சிய பாத்துகினு கீறான். கை கிய் போச்சுன்னா?"

பின்னாலேயே வந்த புது ஆளுக்குக் கோபம். "வாய மூடிகினு எப்டிண்ணா நிக்கிறது? பேஜாரா கீது."

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் செல்போன் அடித்தது, பேசிக்கொண்டே போய்விட்டார். அன்று முழுவதும் கடையில் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு வேலை உண்டா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை புது ஆள் கடையில் உட்கார்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றேன். பாய் பார்த்தார், பார்த்துவிட்டு செல்போனோடு வெளியே போய்விட்டார். முதலில் வேப்பங்கட்டை அறுத்தோம்.