ஆறு திரும்பிப் போன காலை

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒரு பக்கம்தான் போகும். நொய்யல் எந்த நிறத்தில் ஓடினாலும் கிழக்கே பார்த்துத்தான் ஓடும். பவானிக் கூடுதுறையில் சாம்பலை விட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையில்தான் நானும் அக்காவும் மாமாவின் சாம்பலை எடுத்துக்கொண்டு தெற்கே கடலோரம் போனோம்.

மாமா அந்தப் பக்கத்து ஆள். இருபது வயதில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, அக்காவைக் கட்டி, எங்களைப்போலவே எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போடப் பழகியவர். தன்னை மட்டும் தங்கள் ஊர் ஆறு கடலில் சேருமிடத்தில் விட்டுவிட வேண்டும் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இல்லை. அங்கே சொந்தமென்று யாரும் மிஞ்சவும் இல்லை.

இறந்த அன்று காலையில், உடம்பு முடியாமல் படுத்திருந்தவர், அரை நாள் லீவு போட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லி அக்காவைக் கேட்டிருக்கிறார். அக்கா தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் வேலை பார்க்கிறாள். அன்றைக்குச் சரக்கைக் கன்டெய்னரில் ஏற்றுகிற நாள், லீவு கிடைக்காது. சும்மா படுத்துக் கிடங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் போன் வந்தது. அதன்பிறகு அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடப் பேச்சு அந்த அரை நாளில்தான் வந்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறினோம். நான் நாளெல்லாம் கம்பெனியில் அயர்ன் டேபிள் முன்னால் நிற்பவன். இறங்கும்போது கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. பத்தரை மணிக்குத் திரும்புகிற பஸ்ஸைப் பிடித்தால்தான் ராத்திரி கொஞ்சமாவது தூங்கி எழுந்து திங்கள் காலை ஷிப்ட்டுக்குப் போய் நிற்க முடியும்.

எட்டு மணிக்கு முகத்துவாரத்தில் தண்ணீரில் இறங்கினோம். சாம்பல் கலயத்தின் வாயை வெள்ளைப் பனியன் துணியால் கட்டி, செவ்வந்தி மாலை சுற்றியிருந்தோம். அக்கா கடலுக்கு முதுகு காட்டி நின்று, தோளுக்கு மேலாகக் கலயத்தை விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றங்கரையோரமாகவே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தோம்.

நூறு அடிகூடப் போயிருக்க மாட்டோம். கலயம் எங்களுக்குப் பக்கத்திலேயே மிதந்து வந்தது. மாலையோடு, அவசரமில்லாமல், எங்களைத் தாண்டி ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆறே பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “அவருக்கு இன்னும் கோவம் தீரல சாமி,” என்றாள்.

கொஞ்சம் தள்ளிப் படகில் உட்கார்ந்து ஒருவர் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். கலயம் அவர் படகின் கயிற்றில் தட்டி நின்றது. அவர் அதைத் தொடவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். திருப்பூர் என்றேன். “அதானே. உங்க ஊர்ல ஆறு ஒரே பக்கமா ஓடியே பழகிட்டு போல,” என்று சிரித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “இப்பம் கடல் ஏறுது தாயி. அதான் தண்ணி ஆத்துக்குள்ள வருது. உச்சிக்கு மேல வத்தும். அப்பம் அவரே போயிருவாரு.”

அமாவாசையில் நிலாவும் சூரியனும் ஒரே பக்கம் நின்று இழுப்பதால் நன்றாக ஏறும் என்றார். அங்கே ஏறுவது என்னவோ முழங்காலுக்குச் சற்று மேல்தான். ஆற்றைத் திருப்பிவிட அது போதும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும் என்றார். நிலா ஒரு பக்கம்தானே இருக்கிறது, இரண்டாவது தடவை ஏன் என்று கேட்டேன். “ஏறும். ஏன்னு எனக்குத் தெரியாது,” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஊருக்கு வந்த பிறகு போனில் தேடிப் படித்து, எனக்குப் புரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க மூன்று பேர் வரிசையாக ஓடுகிறார்கள். பஸ்ஸுக்குக் கிட்டே இருப்பவருக்கு வேகம் அதிகம், நடு ஆளுக்குக் குறைவு, கடைசி ஆளுக்கு அதைவிடக் குறைவு. நடு ஆள் பார்த்தால் முன்னாலும் இடைவெளி, பின்னாலும் இடைவெளி. பஸ்தான் நிலா; கிட்டே இருப்பதை அதிகமாக இழுக்கும், தள்ளி இருப்பதைக் குறைவாக. நடு ஆள் பூமி, முன்னும் பின்னும் கடல். நிலாவைப் பார்த்த பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் தண்ணீர் மேடாகிறது. பூமி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரே கரை இரண்டு மேட்டையும் கடந்துவிடுகிறது.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. பத்தரை மணி பஸ் போனது மட்டும்தான் தெரியும். போகலாமா என்று கேட்டும் அக்கா எழவில்லை. ஞாயிறு ஓவர்டைமுக்கு ஆள் தேடி அவளுடைய சூப்பர்வைசர் போனில் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை அவள் போனை அணைத்துப் பையில் போட்டாள். வெயில் ஏறியது. நான் வலைக் குவியலில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் கிடந்தேன். அவள் கலயத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணி வாக்கில் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. கலயமும் நின்றது. பிறகு கயிற்றை விட்டு மெதுவாக விலகி, வந்த வழியே போகத் தொடங்கியது.

திரும்பிக்கொள், பார்க்கக் கூடாது என்றேன். அக்கா திரும்பவில்லை. செவ்வந்தி மாலையின் மஞ்சள் கடல் நிறத்தில் கரையும்வரை பார்த்தாள். “அரை நாள்தானுங்களே கேட்டீங்க,” என்றாள், என்னிடமல்ல. “உக்காந்துட்டனுங்க.”

அடுத்த பஸ் மூன்று மணிக்கு. ஏறியதும் என் தோளில் சாய்ந்தவள், திருப்பூர் வரும்வரை எழுந்திருக்கவில்லை. நான் கையை அசைக்காமல் வந்தேன்.